குழாய் தின்ற சத்தம்

ஒரே ஒரு அலறல்.

காஜா பெராங் சடக்கில், தெருவின் இரண்டு பக்கமும் இருந்த அத்தனை வீடுகளுக்கும் அது கேட்டது.

சந்திரமதி இரண்டாவது தடவை அலறவில்லை. முன்னறை நாற்காலியில் சாய்ந்து கிடந்த தன் புருஷன் பொன்னுதுரைக்கு உயிர் இல்லை என்பது உறுதியானதும், மிச்ச அலறலை விழுங்கிவிட்டு, கையில் ஒட்டியிருந்த மரவள்ளிக்கிழங்கு மாவைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பொன்னுதுரையின் இடது கண் இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. ஒரு மிளகுதான் நுழையும்.

1943. ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஓடின. அந்தக் கணக்கில் மணி ஐந்தரை. சாயங்கால மழை விட்டு அரை மணி நேரம்.

பொன்னுதுரை, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன். மாசத்துக்கு இத்தனை பேர் என்று ஜப்பான்காரனிடம் ஒப்புக்கொண்டு, யார் பேரை எழுதலாம் என்று வெற்றிலை மென்றபடி யோசிப்பவன். அவன் எழுதி அனுப்பியவர்களில் இதுவரை ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை.

அவனுக்காக அழ அந்தச் சடக்கில் ஆள் கிடைப்பது கஷ்டம்.

கொன்றவனைப் பிடிக்க மட்டும் ஆள் தயாராக இருந்தார்.

*

"கருணாகரன் மாஸ்டர்... இருக்கீங்களா?"

மறுநாள் காலை. ரேடியோ ரிப்பேர் கடை.

கருணாகரன் தலையை நிமிர்த்தவில்லை. குரலிலேயே ஆள் யாரென்று தெரிந்தது.

நாற்பத்தாறு வயசு. யுத்தத்துக்கு முன்னால் பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். இப்போது அந்த வகுப்பறைகளில் ஜப்பான் சிப்பாய்கள் படுத்துத் தூங்குகிறார்கள். இவர் ரேடியோக்களின் வயிற்றைத் திறந்து தன் வயிற்றைக் கழுவுகிறார். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் மடையர்கள் என்பது அவருடைய முடிவு. பதினெட்டு வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய பிறகு எடுத்த முடிவு என்பதால் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

வந்தவர் இன்ஸ்பெக்டர் அப்பாசாமி.

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் கான்ஸ்டபிள். பாசார் முனையில் மாட்டு வண்டிகளை ஒதுக்கி விடுகிற வேலை. வெள்ளைக்காரன் ஓடின வேகத்தில் இன்ஸ்பெக்டர் ஆனார். ஊரே இளைத்துப்போன காலத்தில் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

சாக்கில் சுற்றியிருந்த ஒரு பொருளை மேஜை மேல் வைத்துப் பிரித்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"ஏர் கன். தோட்டத்துத் துரைங்க அணில் சுடுறது. வீட்டுல வச்சிருந்தா தலை போகும்னு சொன்னதும், போன வருஷம் ஊரே வரிசையில நின்னு உங்க ஸ்டேஷன்ல குடுத்துச்சே."

"அதோட மூக்குல ஒண்ணு மாட்டியிருக்கே, அது?"

துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு குழாய்.

"சைக்கிள் பம்பு."

"சைலன்சர் மாஸ்டர்." அப்பாசாமி அந்த வார்த்தையை ருசித்துச் சொன்னார். "சத்தத்த அப்படியே முழுங்கிரும். பொன்னுதுரைய சுட்டது இதுலதான். சைக்கிள் கடை தாவூத் இல்ல? அவன் கடைக்குப் பின்னால சாக்கடையில கெடந்துச்சு. நானே எடுத்தேன். ஆள லாக்கப்புல போட்டாச்சு."

தாவூதின் சைக்கிள் கடை பொன்னுதுரையின் வீட்டை ஒட்டியது. நடுவில் ஓர் ஆள் போகிற சந்து மட்டும்தான்.

"அவன்தான்னு எப்படித் தெரியும்?"

"நேரத்த வச்சுத்தான். நேத்து மழை விட்டதும் அந்தப் பக்கமா வந்தேன். அஞ்சு மணி. பொன்னுதுரை ஜன்னல்ல நின்னான். ரெண்டு வார்த்தை பேசினேன். அஞ்சு பத்துக்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அஞ்சரைக்குப் பொணம். நடுவுல வேற யாரு வருவா? பக்கத்துக் கடைக்காரன்தான்."

"யாருக்கும் சத்தம் கேக்கலையா?"

"பொண்டாட்டிக்குக் கேக்கல. எதிர்வீட்டு தம்பிராஜாவுக்குக் கேக்கல. தாவூதும் கேக்கலன்னுதான் சொல்றான். அதான் சைலன்சர்ங்கிறேன்."

கருணாகரன் குழாயைத் திருகிக் கழற்றினார். அதற்குள் பழைய கம்பளித் தொப்பியிலிருந்து வட்டவட்டமாக வெட்டிய துண்டுகளை அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டு போக ஓர் ஓட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது கம்பளி.

துண்டுகளைப் பழையபடி அடுக்கினார். திரும்ப மாட்டினார்.

"நாளன்னிக்கு ஜப்பான் ஆபீசர் வர்றாரு," என்றார் அப்பாசாமி. "இந்தக் குழாய் எவ்வளவு சத்தத்தக் குறைக்குதுன்னு அளந்து எழுத்துல வேணுமாம். ஊர்ல அதுக்கு நீங்கதான் ஆளுன்னு சொல்லிட்டேன். சும்மா ரெண்டு தடவ சுட்டுட்டு, சத்தமே இல்லன்னு எழுதிக் குடுங்க. வேலை முடிஞ்சது."

"என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிட்டா, அளக்கிறது எதுக்கு?"

"மாஸ்டர்..." இன்ஸ்பெக்டர் கடைக்குள் கண்ணை ஓட்டினார். "இங்க ஒரு ரேடியோவுல ஷார்ட் வேவ் ஓடுதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான் நம்பல. நம்ம மாஸ்டர் அப்படிச் செய்ய மாட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எதிரி நாட்டுச் செய்தி வருகிற ஷார்ட் வேவ் கேட்டால் என்ன நடக்கும் என்று மலாக்காவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"சரி, அளக்கிறேன்," என்றார் கருணாகரன்.

*

சத்தத்தை எப்படி அளப்பது?

காதை நம்பக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. காது பயந்தால் ஒரு மாதிரி கேட்கும், பசித்தால் ஒரு மாதிரி கேட்கும்.

பழைய டெலிபோனிலிருந்து பேசுகிற வாயைக் கழற்றினார். அதன் பின்னால் பேட்டரி. அதற்கும் பின்னால், பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் பார்க்காதபோது எடுத்து வந்த ஒரு மீட்டர். அதில் ஐம்பது கோடுகள். சத்தம் வந்தால் முள் ஏறும். துப்பாக்கிச் சத்தம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், ஏறின முள் சட்டென்று இறங்காமல் கொஞ்ச நேரம் நிற்க ஒரு கண்டென்சரையும் சேர்த்தார்.

மீட்டரை நம்பலாமா என்று சோதிக்க, சைக்கிள் சக்கரத்துக்குள் உருளுகிற இரும்புக் குண்டு, ஒரு பால்ஸ். ஓர் அடி உயரத்திலிருந்து தகரத் தட்டில் போட்டால் முள் இருபதாவது கோட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பத்துச் சுடலுக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் சுடுவதற்காக ஒரு கான்ஸ்டபிளை அனுப்பியிருந்தார். நின்றுகொண்டே தூங்கத் தெரிந்த ஆசாமி.

"நான் கையைத் தூக்கினா சுடணும். தூக்காதப்போ சுடக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

"எங்க, சொல்லுங்க."

"கையைத் தூக்கினா... சுடணும்."

"மீதிப் பாதி?"

கான்ஸ்டபிள் மேலே பார்த்தான். கருணாகரன் பெருமூச்சு விட்டார். இதே முகத்தை அவர் பதினெட்டு வருஷம் கடைசி பெஞ்சில் பார்த்திருக்கிறார்.

பொன்னுதுரை செத்த முன்னறையிலேயே மணல் மூட்டையை வைத்தார்கள். முதல் குண்டு, குழாயோடு.

டங்க்...

சுட்டதும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளைக் கம்பளியில் பழுப்பாக எண்ணெய்க் கறை. துப்பாக்கிக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகிப் புகைந்து முன்னால் வருகிறது. ஒரே ஒரு சுடலுக்கே இவ்வளவு கறை.

அப்படியானால் நேற்று வரைக்கும்?

இந்தக் குழாய் வழியாக ஒரு குண்டுகூடப் போனதில்லை!

கருணாகரன் கான்ஸ்டபிளைப் பார்த்தார். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நல்லது.

சந்திரமதி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"நேத்து நீங்க இங்கதான இருந்தீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான். கிழங்கு சீவிக்கிட்டு இருந்தேன். முன்ரூம்தான் அவரு ஆபீஸ், அங்க ஆள் இருக்கிறப்போ நான் போகக் கூடாது. யாரு வந்தா, யாரு போனான்னு எனக்குத் தெரியாது சார்."

"சத்தம்?"

"மழை பேயுறப்போ தகரக் கூரைக்குக் கீழ என்ன கேக்கும்? விட்டப்புறம் எல்லாம் அடங்கிப் போச்சு. அவரு இருமல்கூட வரல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ இருமுற மனுஷன். நான் என்னமோ நிம்மதியா இருக்கேன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து சாயங்காலம் அரை மணி நேரம் நான் ரொம்ப நிம்மதியா இருந்தேன்."

கருணாகரனுக்கு அவள் மேல் லேசாக மரியாதை வந்தது. உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவர்கள் குறைவு.

அடுத்து தாவூதின் கடை. அவன் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிற பெஞ்சின் மேல் டெலிபோன் வாயை வைத்தார். மணல் மூட்டையிலிருந்து பதினெட்டு அடி. நடுவில் ஒரு பலகைச் சுவர், ஒரு சந்து, இன்னொரு பலகைச் சுவர்.

தாவூதின் மனைவி சபியா கதவருகில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"மாஸ்டர், நீங்க எழுதுறதப் பொறுத்துத்தான் இவரு தலைன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டுப் போனாரு. குழாய் சத்தத்தக் கொறைக்குதுன்னு எழுதினா..."

"சைலன்சர் உன் புருஷன் செஞ்சது, சுட்டதும் அவன்தான்னு முடிப்பாங்க."

"கொறைக்கலன்னு எழுதினா?"

"சத்தம் கேட்டும் மறைச்சான், அவனும் கூட்டுன்னு முடிப்பாங்க."

"அப்போ எப்படி எழுதினாலும்..."

"எப்படி எழுதினாலும் ஒரே தலைதான் உருளும். அளக்காம அழாத சபியா. முதல்ல அளப்போம்."

அளந்தார்.

குழாய் இல்லாமல் பத்துக் குண்டு. முப்பது கோடு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது... சராசரி முப்பது.

குழாயோடு பத்துக் குண்டு. சராசரி இருபத்தைந்து.

யாரும் பேசாமல் சும்மா இருக்கும்போது, இரண்டு கோடு.

அவ்வளவுதான். சைலன்சர் சைலன்சர் என்று அப்பாசாமி வாய் நிறையச் சொன்ன குழாய் தின்றது வெறும் ஐந்து கோடு!

காரணம் அவருக்கு உடனே தெரிந்தது. ஏர் கன்னில் இரண்டு சத்தம். ஒன்று, குழல் வாயில் காற்று சீறுகிற சத்தம். குழாய் அதைத்தான் பிடிக்கிறது. இன்னொன்று, உள்ளே ஸ்பிரிங் பாய்ந்து இரும்பில் மோதுகிற சத்தம். அது துப்பாக்கியின் வயிற்றுக்குள் நடக்கிறது. வாயை மூடினால் வயிற்றில் இருக்கிற சத்தம் அடங்குமா?

எதிர்ப் பக்கம் தம்பிராஜாவின் வீட்டு வாசலிலும் வைத்துப் பார்த்தார். குழாயோடு சுட்டே பன்னிரண்டு கோடு. தெளிவாகக் கேட்டது.

தம்பிராஜா அங்கேயே பிறந்து வளர்ந்த மலாக்கா செட்டி. நெற்றியில் விபூதி, வாயில் மலாய். மீன் கூடையைப் பின்னியபடியே மலாயில் பதில் சொன்னார். நேற்று மழை விட்டதிலிருந்து சந்திரமதி அலறுகிற வரை இதே இடத்தில்தான் இருந்தாராம். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது கேட்டதாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.

"அதுக்கு முன்னால?" என்று மலாயில் கேட்டார் கருணாகரன்.

"ஹூஜான்," என்றார் தம்பிராஜா, வானத்தைக் காட்டி. மழை. மழையில் யாருக்கு என்ன கேட்கும்?

கருணாகரன் அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்று பேர். மூன்று இடம். ஒருத்தருக்கொருத்தர் வேண்டாதவர்கள். சேர்ந்து பொய் சொல்ல வழியில்லை. மழை விட்ட பிறகு சுட்டிருந்தால், குழாய் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, மூன்று பேருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை.

அப்படியென்றால் சுட்டது மழை விட்ட பிறகு இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தபோது!

ஐந்து மணிக்கு முன்னாலேயே பொன்னுதுரை பிணம்.

அந்தப் பிணத்தோடு ஐந்து மணிக்கு ஜன்னலில் நின்று பேசினதாகச் சொல்கிறவர் ஒரே ஒருத்தர்தான். மழைக் கோட்டுக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு யாரும் சந்தேகப்படாமல் நடக்கக் கூடியவர். ஊரார் ஒப்படைத்த ஏர் கன்கள் இருக்கும் அறைக்குச் சாவி வைத்திருப்பவர்.

கருணாகரன் மீட்டரைத் துணியில் சுற்றினார்.

"அட மடையா," என்று முணுமுணுத்தார். "கொலை செய்யறதுக்கு முன்னால ஒரு தடவையாவது அளந்து பார்த்திருக்கக் கூடாதா?"

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. மழைச் சத்தத்தை அவர் இன்னும் அளக்கவில்லை. மழை முப்பது கோட்டைத் தாண்டும் என்பது ஊகம். பையன்கள் ஊகத்தை எழுதினால் அவர் முட்டை போடுகிறவர்.

அன்றைக்கு மழை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை.

*

மூன்றாம் நாள், மூன்று மணி. தாவூதின் கடை வாசலில் ஒரு ராணுவக் காடி வந்து நின்றது.

ஜப்பான் அதிகாரி இறங்கினார். ஒல்லி. மூக்குக் கண்ணாடி. இடுப்பில் வாள். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளன். பின்னால் கைகள் கட்டப்பட்ட தாவூத். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. சபியா சத்தம் போடாமல் அழுதாள்.

"ரிப்போர்ட் எங்க மாஸ்டர்?" அப்பாசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "காலையிலேயே கேட்டேன்ல?"

"நேர்லயே காட்டிடலாம்னு."

அதிகாரியைத் தாவூதின் பெஞ்சில் உட்கார வைத்தார். பக்கத்தில் மீட்டர். குழாயோடு ஒரு குண்டு. அதிகாரியின் தலை சட்டென்று சத்தம் வந்த பக்கம் திரும்பியது. முள் இருபத்தைந்தில் நின்றது. குழாய் இல்லாமல் ஒன்று. முப்பது.

அதிகாரி குனிந்து முள்ளைப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"இவ்வளவுதான் குறையுமான்னு கேக்குறாரு," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"இவ்வளவுதான். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு. அதுக்கு மழை வரணும்."

மொழிபெயர்ப்பாளன் விழித்தான். "மழையா? இவர மழைக்காகக் காத்திருக்கச் சொல்றதா?"

"அப்படியே சொல்லுங்க."

"என் கழுத்து சார்..."

"உங்க கழுத்துக்கு முன்னால என் கழுத்து இருக்கு. சொல்லுங்க."

சொன்னான். அதிகாரி கருணாகரனை நீண்ட நேரம் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வாளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

கால் மணி நேரம்.

அரை மணி நேரம்.

அப்பாசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பைத்தியமா உங்களுக்கு? குழாயப் பத்தி எழுதச் சொன்னா மழையப் பத்தி என்ன பேச்சு?"

கருணாகரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அளக்காத ஒன்றின் மேல் தன் தலையை வைத்திருந்தார். அந்த உணர்ச்சி அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம்...

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். வாளை இடுப்பில் மாட்டப் போனார்.

கூரையில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொன்று.

பிறகு வானம் மொத்தமாக இறங்கியது. தகரக் கூரை அலறியது. பக்கத்தில் நிற்பவனோடு பேசக் கத்த வேண்டியிருந்தது. கருணாகரன் மீட்டரைப் பார்த்தார்.

முள் நாற்பதாவது கோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த கான்ஸ்டபிளுக்குத் தெரியும்படி சந்துப் பக்கம் கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். மூன்று தடவை.

முள் நாற்பதைத் தாண்டவில்லை. அதிகாரியின் தலை திரும்பவில்லை.

கான்ஸ்டபிள் நனைந்துகொண்டே ஓடி வந்து ஓர் அட்டையை நீட்டினான். மணல் மூட்டையின் மேல் குத்தி வைத்த அட்டை. நடுவில் மூன்று ஓட்டைகள்.

அதிகாரி ஓட்டைகளில் விரலை வைத்து எண்ணினார். ஒன்று... இரண்டு... மூன்று. ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை. மூன்றும் குழாய் இல்லாமல் சுட்டவை.

"மழையில சுட்டா குழாயே தேவையில்ல," என்று கருணாகரன் உரக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளன் அதிகாரியின் காதருகில் போய்ச் சொன்னான். கருணாகரன் தொடர்ந்தார். "மழை விட்டப்புறம் சுட்டா குழாய் இருந்தும் பிரயோஜனமில்ல. எல்லாருக்கும் கேட்டிருக்கும். பொன்னுதுரை செத்தது மழையிலதான். இந்தக் குழாய் என் கைக்கு வந்தப்போ உள்ள கம்பளி வெள்ளையா இருந்துச்சு. ஒரு குண்டுலயே கறை படியுது, பாருங்க. கொலை நடந்த அன்னிக்கு இத மாட்டிச் சுடவே இல்ல. யாரோ அப்புறமா சாக்கடையில போட்டிருக்காங்க."

அப்பாசாமியின் பக்கம் திரும்பினார்.

"இன்ஸ்பெக்டர், மழை விட்டப்புறம் ஜன்னல்ல நின்னு உங்களோட ரெண்டு வார்த்தை பேசினது யாரு?"

அப்பாசாமி பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார்.



அதிகாரி விரலை அசைத்தார். இரண்டு சிப்பாய்கள் வந்து இன்ஸ்பெக்டரின் பெல்ட்டை உருவினார்கள்.

கருணாகரன் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். மாட்டு வண்டி ஒதுக்குகிறவன் துப்பாக்கி தூக்கினால் இப்படித்தான் ஆகும் என்கிற மாதிரி. இரண்டு நாளாகத் தீட்டி வைத்தது.

"என் தம்பி ஜெயபாலன் பேர எழுதிட்டான் மாஸ்டர்," என்றார் அப்பாசாமி. குரலில் அதிகாரம் இல்லை. "அடுத்த ரயிலுக்கு. கல்யாணம் ஆகி மூணு மாசம். பொன்னுதுரை கால்ல விழுந்து கேட்டேன். வெத்தலைய மென்னுக்கிட்டே சிரிச்சான்."

"அதுக்கு தாவூதா?"

"யாராவது ஒரு ஆளக் காட்டணுமே." அப்பாசாமி தாவூதைப் பார்க்கவில்லை. "யாராவது..."

இழுத்துக்கொண்டு போனார்கள்.

தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லக் கருணாகரனுக்குப் பிடிக்கவில்லை. தாவூதின் கட்டை அவிழ்த்து, அவனைப் பெஞ்சில் உட்கார வைத்து, சபியாவிடம் தண்ணீர் கேட்டார். அந்த வேலை சுலபமாக இருந்தது.

*

"ஐந்து கோடுதானா?"

நல்ல ஆங்கிலம். கருணாகரன் திரும்பினார்.

ஜப்பான் அதிகாரி குழாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளன் காடியில் உட்கார்ந்திருந்தான். இத்தனை நேரமும் அவன் தேவையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஐந்துதான்," என்றார் கருணாகரன் ஆங்கிலத்தில்.

"ஏன்?"

யாராவது ஏன் என்று கேட்டால் கருணாகரனால் சும்மா இருக்க முடியாது. பதினெட்டு வருஷத்தில் அப்படிக் கேட்ட பையன்களை அவர் விரல் விட்டு எண்ணிவிடுவார். காற்றுச் சத்தம், ஸ்பிரிங் சத்தம், இரண்டையும் விளக்கினார். கம்பளிக்குப் பதிலாக இடைவெளி விட்டுத் தகடுகளை அடுக்க வேண்டும், ஸ்பிரிங்குக்குத் தடித்த கிரீஸ் போட வேண்டும், மோதுகிற இடத்தில் தோல் வளையம் வைக்க வேண்டும்...

"அப்படிச் செய்தால்?"

"இருபது கோடுகூடக் குறைக்கலாம்."

சொன்ன பிறகுதான் அந்த மனிதனின் கண்களைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. காலம் கடந்துவிட்டது.

"செத்தவன் எனக்கு முக்கியமில்லை," என்றார் அதிகாரி. "அவன் இடத்துக்கு நாளை வேறொருத்தன் வருவான். யார் சுட்டார்கள் என்பதும் எனக்கு முக்கியமில்லை. நான் வந்தது இந்தக் குழாய்க்காக. சத்தமில்லாமல் சுடுகிற துப்பாக்கி எனக்கு வேண்டும். நாளையிலிருந்து நீ எனக்காக வேலை செய்வாய்."

உலகத்தில் முக்கால்வாசிப் பேரை மடையர்கள் என்று முடிவு கட்டியவர், அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப் போயிருந்ததை உணர்ந்தார். கருணாகரன், பௌதிக ஆசிரியர்.

தாவூதின் வீங்கின முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு ஆள் வேண்டும்," என்றார்.

"யார்?"

"இரும்பு வேலைக்கு, இந்த சைக்கிள் கடைக்காரன் தாவூத். அரம் பிடிக்க, ஜெயபாலன் என்று ஒருத்தன். அவன் இல்லாமல் முடியாது. இவர்கள் பேர் சயாம் பட்டியலில் இருக்கக் கூடாது."

ஜெயபாலன் அரம் பிடிப்பானா, ஆணி பிடிப்பானா என்று அவருக்குத் தெரியாது. அவனைப் பார்த்ததுகூட இல்லை.

அதிகாரி தலையசைத்தார். "எத்தனை நாள் ஆகும்?"

"துல்லியமான வேலை. அவசரப்பட முடியாது."

அவசரப்படவில்லை.

அப்பாசாமி திரும்பி வரவில்லை. ஜெயபாலன் வந்தான். இருபத்தாறு வயசு. அரத்தைத் தலைகீழாகப் பிடித்தான். தன் அண்ணனைக் காட்டிக் கொடுத்தது யார், தன்னை அந்த ரயிலிலிருந்து இறக்கியது யார், இரண்டும் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமும் கருணாகரனிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கருணாகரனும் எதிர்பார்க்கவில்லை.

வாராவாரம் அதிகாரிக்கு ரிப்போர்ட் போனது. இந்த வாரம் ஐந்தரைக் கோடு. இந்த வாரம் ஆறு. கிரீஸ் சரியில்லை, மறுபடி ஐந்தரை. இந்த மாசம் ஆறேகால். ஒரு பையன் ஒரு தசமப் புள்ளியை மாற்றி எழுதினாலும் காதைத் திருகினவர், பக்கம் பக்கமாகக் கூசாமல் பொய் எழுதினார். கையெழுத்து மட்டும் முன்னைவிட அழகாக இருந்தது.

1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தபோது ரிப்போர்ட்டில் குழாய் ஏழு கோட்டை எட்டியிருந்தது.

அதிகாரி போன அன்று மூன்று பேரும் தாவூதின் கடையில் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர்," என்றான் தாவூத். "நெசமாவே சத்தத்த முழுங்குற குழாய் ஒண்ணு செய்ய முடியுமா?"

"செஞ்சாச்சே. ரெண்டாவது வாரமே. இருபத்திரண்டு கோடு."

தாவூத் மெல்லுவதை நிறுத்தினான். "எங்க அது?"

"யார் கண்லயும் படக் கூடாதுன்னு உன் சமையல்கட்டுல போட்டேன். சபியா ரெண்டு வருஷமா அதுலதான் அடுப்பு ஊதுறா."

தாவூத் உள்ளே எட்டிப் பார்த்தான். சபியா கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள்.

"அதான மாஸ்டர்... எவ்வளவு ஊதினாலும் சத்தமும் வரல, தீயும் வரலன்னு இவ ரெண்டு வருஷமா என்னைத்தான் திட்டுறா."